நீலத்துக்குள் இருந்த சிவப்பு

1

இன்று விஸ்வகர்மா பூஜை. பட்டறைகள், அச்சகங்கள், ஆட்டோ ஸ்டாண்டுகள் எல்லாம் பந்தல் போட்டு, இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, அவற்றுக்கு விடுமுறை கொடுத்திருக்கின்றன. நாம் ஆயுத பூஜைக்குச் செய்வதை இந்த ஊரில் புரட்டாசி பிறக்கும் அன்றே செய்துவிடுகிறார்கள். கூடவே ஆட்டுக்கறி சமைக்கிறார்கள், மொட்டை மாடிக்குப் போய்ப் பட்டம் விடுகிறார்கள். காலையிலிருந்து எங்கள் தெருவுக்கு மேலே வானம் தெரியவில்லை. ஒரு பட்டம் இன்னொன்றின் நூலை அறுத்தால், அறுத்த மாடியிலிருந்து "போ காட்டா!" என்று கத்துவார்கள். அதைக் கேட்டுப் பக்கத்து மாடிகளும் கத்தும். இதை எழுதும்போதே நான்கைந்து முறை கேட்டுவிட்டது.

ஊருக்குத் திரும்புவதற்கு எங்களுக்கு ஒரு வழி இருந்தது. போன வருடம் இதே பூஜையன்று அது அடைபட்டது. ஊரில் இருப்பவர்கள் ஏன் வரவில்லை என்று இன்னும் கேட்கிறார்கள். போனில் ஆளுக்கு ஒரு பதில் சொல்லி எனக்கே எது நிஜம் என்று குழம்ப ஆரம்பித்துவிட்டது. எண் போட்டு எழுதிவிடுகிறேன். எண் போடாமல் எனக்கு யோசிக்க வராது.

2

நான் கோயம்புத்தூர்க்காரி. அப்பா அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் பயோடெக்னாலஜி படித்தேன். கணவர் செந்தில் வங்கி அதிகாரி. கல்யாணமான புதிதில் அவருக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. மூன்று வருடம்தான், பிறகு தமிழ்நாட்டுக்கே போட்டுவிடுவார்கள் என்றார்கள். இப்போது எட்டாவது வருடம்.

மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாளை நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம், சித்தி பெரியம்மா மாதிரி. "இவ்வளவு நீளப் பேரை எப்படிக் கூப்பிடறது?" என்று அவர்தான் குழந்தையை ஜினி ஆக்கினார். இங்கே எல்லாக் குழந்தைக்கும் வீட்டில் கூப்பிட ஒரு பெயர் உண்டு. ஜினி என்றால் உடனே திரும்புவாள். யாழினி என்று இரண்டு முறை கூப்பிட வேண்டும்.

அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். "தண்ணி சாப்பிட்டேம்மா" என்பாள். வங்காளத்தில் தண்ணீரையும் சாப்பிடத்தான் செய்கிறார்கள். மழை பெய்தால் "மழை ஆகுது" என்பாள். முதலில் திருத்தினேன். திருத்தினால் வங்காளத்துக்கு மாறிவிடுகிறாள் என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டேன். என் வங்காளத்தை அவள் விடுவதில்லை. மீன் கடையில் எல்லார் முன்னாலும் திருத்துவாள்.

செந்தில் ஒவ்வொரு வருடமும் மாற்றலுக்கு விண்ணப்பித்தார். கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருப்பதற்காக ஒரு விதி இருக்கிறது. அதன் கீழ் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். "உங்க மனைவி உங்களோடதானே இருக்காங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் தமிழ்நாட்டில் வேலையில் இருந்தால் அந்த விதி எங்களுக்குப் பொருந்தும். குடும்பம் ஒன்றாக இருப்பதாலேயே ஒன்றாக ஊர் போக முடியவில்லை.

காளிகாட் பக்கம் நாங்கள் நல்லெண்ணெயும் அப்பளமும் வாங்கும் கடை இருக்கிறது. கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கே மூன்றாம் தலைமுறை.

"எத்தனை வருஷம் ஆச்சும்மா வந்து?"

"ஏழு முடிஞ்சுதுங்க. சீக்கிரம் போயிடுவோம்."

"எங்க தாத்தாவும் ரெண்டு வருஷத்துக்குன்னுதான் வந்தார். அந்த ரெண்டு வருஷம் இன்னும் முடியலை."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் நின்ற அவர் மகன் வங்காளத்தில் என்ன விஷயம் என்று கேட்டான். அவர் வங்காளத்தில் அதே நகைச்சுவையை மறுபடி சொன்னார்.

3

ஜாதவ்பூர் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் திட்டப் பணியாளராக இருந்தேன். ஸ்பைருலினா என்ற பாசியை நீங்கள் சத்து மாத்திரையாகப் பார்த்திருப்பீர்கள். கரும்பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைக்குள் ஒரு நீலம் இருக்கிறது. பைகோசயனின் என்று பெயர். அது சாயம் போலத் தெரிந்தாலும் ஒரு புரதம். வெளிச்சத்தைப் பிடித்துப் பாசிக்குக் கொடுப்பது அதன் வேலை. அதை வெளியே எடுத்துச் சுத்தப்படுத்துவது என் வேலை.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்புறம் நடந்தது புரிய அது வேண்டும். தொட்டியில் வளர்த்த பாசியைத் துணியில் வடிகட்டிக் கழுவ வேண்டும். உறைய வைத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்து, மறுபடி உருக்க வேண்டும். அப்போதுதான் செல் உடையும். பச்சைச் சக்கை கீழே தங்க, நீலம் தண்ணீருக்கு வரும். முதல் முறை பார்க்கிறவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். மையைக் கொட்டிவிட்டேன் என்று நினைப்பார்கள். அதை வேகமாகச் சுழற்றித் தெளிய வைத்து, அம்மோனியம் சல்பேட் போட்டால் புரதம் தயிர்போலத் திரண்டுவிடும். அதைக் கரைத்து, சவ்வுப் பையில் கட்டி, குளிரில் ஊற வைத்து உப்பை வெளியேற்ற வேண்டும். கடைசியாக, பிசின் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்ற வேண்டும். நீலம் மேலே வளையமாக ஒட்டிக்கொள்ளும். உப்பை மெதுவாகக் கூட்டினால் வளையம் இறங்கும். மற்ற புரதங்கள் முன்னும் பின்னும் போய்விட, நடுவில் வருவதை மட்டும் பிடிக்க வேண்டும். எல்லாமே குளிரில், இருட்டில் நடக்க வேண்டும்.

சுத்தத்தை ஒரு எண் சொல்லிவிடும். நீலம் விழுங்கும் வெளிச்சத்தை, மொத்தப் புரதமும் விழுங்கும் வெளிச்சத்தால் வகுக்க வேண்டும். ஐஸ்கிரீமில் போட ஒன்றுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை. நோய்ப் பரிசோதனைப் பெட்டிகளில் போக நான்கு வேண்டும். மூன்றரை வரை எல்லாரும் வந்துவிடுவார்கள். அங்கிருந்து நான்கு வருவதற்கு எனக்கு வருடக்கணக்கில் ஆனது.

சுத்தமான நீலத்துக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலமாக இருக்கும். கொஞ்சம் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே சிவப்பாக மின்னும். குடித்த வெளிச்சத்தில் கொஞ்சத்தை அது சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. புரதம் உருக்குலையாமல் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சூடோ வெயிலோ பட்டால் நீலம் வெளுக்கும். அதற்கு முன்பே சிவப்பு போய்விடும். ஒரு சனிக்கிழமை யாழினியை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவள்தான் அதற்குப் பெயர் வைத்தாள். "அம்மா, உள்ள லால் பரி இருக்கு." சிவப்புத் தேவதை.

4

போன வருடம் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம், பாசியிலிருந்து நிறமிகள் எடுக்க ஒரு பிரிவு தொடங்கியது. பொறுப்பாளராக ஆள் தேடினார்கள். இரண்டு முறை நேர்காணல் நடந்தது. கடைசியாக ஒன்று கேட்டார்கள்: உங்கள் கையால் எடுத்த நீலம், ஒரே தொகுப்பாக, நான்குக்கு மேல், பொடியாக, மாதக் கடைசிக்குள் வர வேண்டும். வந்தால் வேலை.

எனக்கு அதை இப்படி எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டத் தோன்றியது, ஒட்டவில்லை: நீலம் போனால் வேலைக் கடிதம் வரும். கடிதம் வந்தால் செந்திலுக்கு மாற்றல் கிடைக்கும். மாற்றல் கிடைத்தால் யாழினி தமிழ் எழுதும் பள்ளியில் சேருவாள். ஒன்றில்லாமல் அடுத்தது இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். மறு வாரமே மாடி அறையைக் காலி செய்து வர்ணம் அடித்துவிட்டார்.

"என்ன கலர் அடிச்சீங்கப்பா?"

"நீலந்தான். நீ செய்யறது நீலந்தானே சாமி?"

பூஜைக்கு முதல் நாள் மதியம் எனக்கு நான்கு கிடைத்தது. நான்குக்கு மேலே, கொஞ்சம். மூன்று முறை அளந்தேன். எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, குளிர்பெட்டியில் வைத்தேன். அடுத்தது உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்குவது. ஆனால் மறுநாள் பூஜை. உலர்த்தும் இயந்திரத்துக்கும் ஓய்வு. அதனால் குறையொன்றும் இல்லை. குளிரில், இருட்டில் ஒரு நாள் இருந்தால் நீலத்துக்கு எதுவும் ஆகாது. குளிர்பெட்டியை மட்டும் எந்தப் பூஜைக்கும் அணைப்பதில்லை.

எங்கள் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர் பாபுல்-தா. 'தா' என்றால் அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர், ஆனாலும் என்னை 'மெட்ராஸ் தீதி' என்பார், மெட்ராஸ் அக்கா. நான் மெட்ராஸ் இல்லை, கோயம்புத்தூர் என்று சொன்னால், "மெட்ராஸ்லேர்ந்து எவ்வளவு தூரம்?" என்பார். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போகலாம் என்றேன் ஒரு முறை. "அப்போ பக்கம்தான்" என்றார்.

அன்று சாயங்காலம் இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தீதி, ஆளுக்கொரு பொருள் பூஜைக்கு வைக்கறாங்க. நீங்க என்ன வைக்கறீங்க?"

அப்பா பட்டறையிலும் இதுதான் வழக்கம். லேத்தைக் கழுவி, பொரி கடலை வைத்து, கூடவே அந்த வருடம் கடைந்ததில் நல்ல உருப்படி ஒன்றைச் சாமி முன்னால் வைப்பார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாட்டிலிலிருந்து விரல் நீளக் குழாய் ஒன்றில் கொஞ்சம் நீலம் எடுத்துக் கொடுத்தேன்.

"இவ்வளவுதானா? விஸ்வகர்மா என்ன எறும்பா?"

"அவருக்கு இது போதும் பாபுல்-தா."

"இத்தனை வருஷ வேலை, மூக்குச் சொட்டு மருந்து அளவுக்கு! கோயம்புத்தூர்க்காரங்க இவ்வளவு கஞ்சமா?"

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

5

மறுநாள் காலையில் அப்பா கூப்பிட்டார். "இன்னிக்குப் பொரட்டாசி ஒண்ணு. அங்க கறி கிறி போடுவாங்க, தின்னுபோடாதீங்க. புள்ளைகிட்டயும் சொல்லு." யாழினியிடம் சொன்னேன்.

மதியம் மூன்று மணிபோல அவளையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்குப் போனேன். ஆய்வுக்கூட வராந்தாவில் பந்தல். யானைமேல் விஸ்வகர்மா, ஒரு கையில் பட்டம். அவர் காலடியில் ஸ்பானர், திருப்புளி, நுண்ணோக்கியின் லென்ஸ், யாரோ ஒருவருடைய பிப்பெட். எல்லாவற்றுக்கும் நடுவில் என் பாட்டில்.

அலுமினியத் தாளை உரித்திருந்தார்கள். பாட்டிலுக்குப் பின்னால் ஒரு ஹாலோஜன் விளக்கு. வெளிச்சம் நீலத்தின் வழியாகப் போய் சாமி முகத்தில் விழும்படி சாய்த்து வைத்திருந்தது. முகம் முழுக்க நீலம். அழகாகத்தான் இருந்தது. பையன்களும் பெண்களும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாபுல்-தா புது ஜிப்பாவில் ஓடி வந்தார்.

"பாத்தீங்களா தீதி! காலையிலேர்ந்து கூட்டம் குறையலை. மத்த டிபார்ட்மெண்ட்லேர்ந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. அந்தக் குட்டிக் குழாயைப் பின்னாடி தள்ளிட்டேன். நீங்க கூச்சப்பட்டு வைக்கலைன்னு எனக்குத் தெரியாதா?"

காலையிலிருந்து.

பாட்டிலைத் தொட்டேன். காப்பித் தம்ளர்போலச் சுட்டது. யாழினி என் கைக்குக் கீழே குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். அவளுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

"அம்மா, லால் பரி எங்க?"

"தூங்குது."

"லைட் போட்டா எப்படித் தூங்கும்?"

நீலம் இன்னும் இருந்தது. கொஞ்சம் வெளிறியிருந்தது, நேற்று பார்த்தவளுக்குத்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அது அந்த வராந்தாவிலேயே அழகான பொருள். பாபுல்-தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரிசு கொடுத்தவர் பார்ப்பதுபோல.

"கீ ஷுந்தோர்" என்றேன். எவ்வளவு அழகு. அன்று என் வங்காளத்தில் தப்பு இல்லை. யாழினி திருத்தவில்லை.

"விளக்கு ரொம்பச் சுடுது, பந்தல் துணியில பட்டுடப் போகுது" என்று மட்டும் சொன்னேன். உடனே அணைத்தார். சாமி முகம் சாதாரண மஞ்சளுக்குத் திரும்பியது. பாட்டிலை நான் கேட்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. அப்பா பட்டறையிலும் அதே விதிதான். எடுத்தும் பயனில்லை.

பந்தியில் உட்கார்ந்தோம். பாபுல்-தாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறினார். பாதி சாப்பாட்டில் யாழினி என் முழங்கையை இழுத்து, பாபுல்-தாவுக்கும் கேட்கும்படி வங்காளத்தில் சொன்னாள்.

"அம்மா, தாத்தா வேண்டாம்னு சொன்னாரே."

இலையைப் பார்த்தேன். ஆட்டுக்கறி. பாதி தின்றிருந்தேன்.

6

மறுநாள் அளந்தேன். இரண்டரையைத் தாண்டவில்லை. நீலம் விழுங்கும் வெளிச்சம் குறைந்திருந்தது. மொத்தப் புரதம் அப்படியேதான் இருந்தது. இருக்கத்தானே செய்யும். செத்ததும் புரதம்தான்.

என்னென்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன். மறுபடி குழாயில் ஊற்றலாம்: உருக்குலைந்ததும் நல்லதும் சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டால் பிரிக்க வராது. புதிதாகப் பாசி வளர்க்கலாம்: அது வளர்வதற்குள் மாதம் முடிந்துவிடும், எங்கள் திட்டமும் முடிந்துவிடும். திட்டத்தை நீட்டிக்கும் கோப்பு நிதிப் பிரிவில் இருந்தது. போய்க் கேட்டேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போய்க் கேட்டேன். கீழே அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

நிறுவனத்துக்கு உள்ளதை எழுதி, இரண்டு மாதம் அவகாசம் கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். வங்கியில் மாற்றல் விண்ணப்பத்துக்கான நாளும் அந்த மாதத்தோடு முடிந்தது.

செந்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாபுல்-தாகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"சொன்னா சிவப்பு திரும்பி வருமா?"

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். வாரக்கணக்கில் இருந்தது. அவர் எதிரே வந்தால் வேறு படிக்கட்டில் இறங்கினேன். ஆனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலட்சியமாகக் கெடுத்திருந்தால் திட்டலாம். திருடியிருந்தால் புகார் கொடுக்கலாம். அவர் என் வேலையில் மிகச் சிறந்ததை எடுத்து, மறைப்பை நீக்கி, தன்னிடம் இருந்த மிகப் பெரிய விளக்கைப் போட்டு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்தார். இந்த ஊரில் வேறு யாரும் என் வேலைக்கு அப்படிச் செய்ததில்லை.

7

இப்போது டாலிகஞ்சில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். மேஜைமேல் நாள் முழுக்க பாட்டில்கள் வரும். எல்லாம் நிறமில்லாதவை. நிறம் இருந்தால்தான் எங்களுக்குப் பிரச்சினை. யாழினி பக்கத்துத் தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வங்காள எழுத்து அழகாக எழுதுகிறாள். தமிழில் அவள் பெயரை எழுதச் சொன்னால் 'ழி' யில் நின்றுவிடுகிறாள்.

இன்று காலை பாபுல்-தா போன் செய்தார்.

"தீதி, சாப்பிட வாங்க. உங்களுக்குக் கறி இல்லாமத் தனியா வச்சிருக்கேன். போன வருஷம் ஜினி சொன்னது ஞாபகம் இருக்கு."

"வேலை இருக்கு பாபுல்-தா."

"இன்னிக்கு யாருக்கு வேலை? சரி, உங்க பாட்டில் இன்னும் என்கிட்டதான் இருக்கு. தண்ணி மாதிரி ஆயிடுச்சு. சாமி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டார்."

"ஆமா. எடுத்துக்கிட்டார்."

"உங்களுக்கு நல்லதுதான் நடக்கும், பாருங்க."

இந்தக் குறிப்பைப் பாதி எழுதியிருந்தபோது அப்பா கூப்பிட்டார். வழக்கம்போலப் புரட்டாசியை ஞாபகப்படுத்தினார். பட்டறையில் லேத் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"சாமி, மேல் ரூம்பு சும்மாவேதான் கெடக்குது. ஒரு குடும்பம் வந்து கேக்கறாங்க. நல்ல மனுசங்களாட்டத்தான் தெரியுது. நீங்க எப்ப வருவீங்கன்னு தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லிப்போடுவேன்."

நான் வெளியே மொட்டை மாடியைப் பார்த்தேன். யாழினி மாஷிமாவின் மகனோடு கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றிருந்தாள். இந்த வருடம் நூல் அவள் கையில். நூல்கண்டை அவன் பிடித்திருந்தான்.

"விட்டுடுங்கப்பா."

"செரி." மறுபடி லேத் சத்தம். "அவங்க நீலம் வேண்டாங்கறாங்க. வெள்ளை அடிச்சுக் குடுக்கோணுமாம்."

"அடிச்சுக் குடுத்துடுங்க."

அப்போது மாடியே அதிரும்படி "போ காட்டா!" என்று கத்தினார்கள். பக்கத்து மாடிகளும் சேர்ந்துகொண்டன.

"என்ன சாமி, ஒரே சத்தம்?"

"பட்டம் அறுந்துடுச்சுப்பா."

"அய்யோ, நம்ம புள்ளையோடதா?"

யாழினி இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். யாரோ "ஜினி! ஜினி!" என்று கூப்பிட்டார்கள். உடனே திரும்பினாள்.

"இல்லப்பா. அவதான் அறுத்தா."